கடையில் போட்டுக் கொடுத்த வின்டோஸும் டின்னில் வைத்த 48 இலக்கமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வின்டோஸ் ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ மூலம் இயங்குகிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பெட்டி பிரித்து மூன்று நாள்கூட ஆகாத லெப்டொப்பின் செட்டிங்ஸில் அது நின்றது. லெப்டொப்புக்குச் சொந்தக்காரி, டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்த பிள்ளை. உயர்தரம் எழுதி, மட்டக்களப்பு மாவட்டத்து வந்தாறுமூலையில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். அவளுக்கு எந்த நிறுவனமும் கிடையாது. லெப்டொப் வாங்கிய காசில் ஒரு பகுதி அம்மாயியின் ஈ.பி.எஃப். பணம், மிச்சம் அம்மா கட்டி எடுத்த சீட்டு.

ஹட்டனில் கொம்பியூட்டர் திருத்துவதும் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் என் தொழில். தாயும் மகளும் பெரிய முறைப்பாடு எதையும் கொண்டுவரவில்லை. “நல்லாத்தான் ஓடுது அண்ணே, ஆனா பிரவுசரைத் திறந்தா வேற எங்கேயோ போகுது” என்றாள். நான் முதலில் பார்த்தது அந்த ஆக்டிவேஷன் பக்கத்தைத்தான். அதைப் பார்த்தபின் மற்றதெல்லாம் எனக்கு விளங்கிவிட்டது.

லெப்டொப்பின் பெட்டியில் ஒட்டியிருந்த லேபலில் ‘வின்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ என்று அச்சாகியிருந்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ‘புரோ’. வாங்கிய கடையில் “எல்லாம் போட்டு ரெடியாத் தாறோம்” என்று சொல்லி, தொழிற்சாலையில் இருந்து வந்த வின்டோஸை அழித்துவிட்டு, தங்களிடம் இருந்த ஒரு கொப்பியை ஏற்றியிருக்கிறார்கள். அதை இயக்க, கம்பனிகளுக்கும் அலுவலகங்களுக்கும் உரிய கே.எம்.எஸ். என்ற ஆக்டிவேஷன் முறையைப் போலியாக நடிக்கும் ஒரு சிறிய புரோகிராமையும் வைத்திருக்கிறார்கள். கே.எம்.எஸ். ஆக்டிவேஷன் 180 நாளைக்குத்தான் செல்லும். ஆகவே அந்தப் புரோகிராம் பின்னால் இருந்து ஓடி, திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். வின்டோஸோடு வரும் வைரஸ் காவல்காரனான டிஃபென்டர் அதைப் பிடித்துவிடும் என்பதால், டிஃபென்டரின் விலக்குப் பட்டியலில் ஒரு ஃபோல்டரைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அந்த ஃபோல்டருக்குள் என்ன வந்து உட்கார்ந்தாலும் காவல்காரன் பார்க்கமாட்டான். பிரவுசர் வேறெங்கோ போனதன் காரணம் அதற்குள்தான் இருந்தது.

எனக்கு வயிறு எரிந்த இடம் வேறு. இந்தக் காலத்து லெப்டொப்களில் வின்டோஸின் லைசன்ஸ் சாவி மதர்போர்டின் சில்லில் இருக்கும் ஃபர்ம்வெயர் என்ற அடிப்படை மென்பொருளிலேயே எழுதப்பட்டு வருகிறது. டிஸ்க்கை எத்தனை தரம் அழித்தாலும் அது அழியாது. வின்டோஸில் கட்டளை எழுதும் பவர்ஷெல்லில் ஒரு வரி எழுதிக் கேட்டேன், 25 எழுத்துச் சாவி அப்படியே வந்தது. அந்தப் பிள்ளையின் குடும்பம் வின்டோஸுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சாவி உள்ளே சும்மா கிடக்க, மேலே திருட்டுப் பூட்டு.

“தம்பி, இது புதுசு தானே? எதுக்குப்பா அழிக்கணும்?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. மூன்று நாளைக்கு முன்பு இத்தனை இலட்சம் எண்ணிக் கொடுத்த சாமானை அழிக்கப்போகிறேன் என்றால் யாருக்கும் நெஞ்சு பதறும்.

“சாமான் புதுசுதான் அக்கா. ஆனா வீட்டுச் சாவியை இன்னொருத்தர் கையில வச்சிக்கிட்டு உங்களைக் குடியேத்தி இருக்காங்க” என்று சொன்னேன். அவர் மேலே எதுவும் கேட்கவில்லை.

வின்டோஸுக்குள் இருக்கும் ‘ரீசெட்’டை ஏன் பயன்படுத்தவில்லை என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்கலாம். சாதாரண ரீசெட், டிஸ்க்கில் ஏற்கெனவே இருக்கும் ஃபைல்களை வைத்துத்தான் மறுபடி கட்டுகிறது. யாரோ கை வைத்த கட்டடத்தின் கல்லையே எடுத்து அதே கட்டடத்தைக் கட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வெளியே இருந்து, சுத்தமான பென்ட்ரைவில் இருந்து, டிஸ்க்கை முழுக்க வழித்துவிட்டுப் போடுவது என்று முடிவெடுத்தேன். உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்றும் யோசித்தேன். லைசன்ஸ் தொல்லை இல்லாத நேர்மையான வழி அது, என் வீட்டில் ஓடுவதும் அதுதான். ஆனால் அவள் முகாமைத்துவம் படிக்கப் போகிறாள். வின்டோஸ் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நடுவே தனியாக நின்று தடுமாறுவதைவிட, ஏற்கெனவே காசு கட்டிய வின்டோஸை முறையாகப் போட்டுக் கொடுப்பதே சரி என்று பட்டது.

என் பிழை ஒன்று

இதைச் செய்ய உட்கார்ந்தபோது என் மனதில் இன்னொரு பையன் இருந்தான். முன்பு அவனுக்கும் இதேபோல ஒரு சுத்தமான இன்ஸ்டோல் செய்து கொடுத்தேன். செட்டப்பில் மைக்ரோசொப்ட் கணக்குக் கேட்டபோது, அவனைக் கூப்பிட்டு உருவாக்கச் சொல்ல நேரமில்லாமல், நானே அவசரத்துக்கு ஒரு கணக்கை உருவாக்கிப் போட்டேன். பிறகு லோக்கல் கணக்குக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தக் கணக்கை மறந்துவிட்டேன். பாஸ்வர்டை எங்கேயும் எழுதவில்லை.

மாதங்கள் கழித்து, மெஷினை எழுப்பும் ஃபர்ம்வெயரான பயோஸுக்கு ஒரு அப்டேட் வந்தது. மறுபடி ஓன் ஆனபோது நீலத்திரை, வின்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கரின் மீட்புச் சாவியைக் கேட்டது. அவன் டிஸ்க் பூட்டியிருக்கிறது என்பது அவனுக்கும் தெரியாது, அதுவரை எனக்கும் தெரியாது. சாவி நான் மறந்த கணக்கில் இருந்தது. அந்தக் கணக்குக்குள் போக எனக்கு வழி இருக்கவில்லை. மூன்றாம் வருட ஆய்வுக்காக அவன் தோட்டம் தோட்டமாக நடந்து எடுத்த பேட்டிகள் அந்த டிஸ்க்கில் இருந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் மறுபடி வின்டோஸ் போட வேண்டியிருந்தது. அவன் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். 2024 ஒக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பில் இருந்து, வின்டோஸ் 11ஐச் சுத்தமாகப் போட்டாலே, ஹோம் பதிப்பாக இருந்தாலும், பெரும்பாலான மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகி, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கோடு உள்ளே நுழைந்ததும் மீட்புச் சாவி அந்தக் கணக்குக்குப் போய்விடும். பூட்டு நல்லதுதான். பஸ்ஸில் லெப்டொப் களவு போனாலும் உள்ளே இருப்பதை ஒருவனாலும் படிக்க முடியாது. ஆனால் பூட்டு விழுந்ததையும் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் சொந்தக்காரருக்குச் சொல்லாமல் லெப்டொப்பைக் கையில் கொடுத்தவன் வேலையைப் பாதியில் விட்டவன்.

அதனால் இந்த முறை கீபோர்டில் நான் கை வைப்பதில்லை என்று தீர்மானித்தேன். அவள்தான் செய்ய வேண்டும், நான் பக்கத்தில் இருந்து சொல்வது மட்டும்.

ஆயத்தம்

வின்டோஸ் 11 போடத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஐஎஸ்ஓ ஃபைல் 5 ஜிபிக்கு மேல். பகல் டேட்டாவில் இறக்கினால் ஒரு வாரத்து ரீலோட் போய்விடும். நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவு டேட்டாவில் மைக்ரோசொப்ட்டின் தளத்தில் இருந்தே இறக்கிவைத்தேன். யாரோ கொடுத்த பென்ட்ரைவில் இருந்து வின்டோஸ் போடுவதை ஹட்டனில் இருந்து பண்டாரவளை வரைக்கும் வழமையாகவே பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தைத்தான் முதலில் வெட்ட வேண்டும். இறக்கிய ஃபைலின் எஸ்எச்ஏ-256 எண்ணை, ஃபைலில் எது மாறினாலும் தானும் மாறிவிடும் எண்ணை, கணக்கிட்டு, மைக்ரோசொப்ட் தன் பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணோடு முதல் எட்டு எழுத்தையும் கடைசி எட்டையும் அவளை வைத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்று. பிறகு ரூஃபஸ் என்ற புரோகிராம் கொண்டு 16 ஜிபி பென்ட்ரைவில் எழுதினோம். சும்மா இழுத்துக் கொப்பி பண்ணினால் சரிவராது. பழைய ஃபேட்32 முறையில் 4 ஜிபியைத் தாண்டிய தனி ஃபைல் நிற்காது, ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் பிரதான ஃபைல் அதைத் தாண்டுகிறது.

லெப்டொப்பின் அடியில் இருந்த சீரியல் நம்பரை வைத்துத் தயாரிப்பாளரின் தளத்தில், பாகங்களை வின்டோஸுக்கு அடையாளம் காட்டும் மூன்று டிரைவர்களை மட்டும் இறக்கினேன்: ஸ்டோரேஜ், வைஃபை, டச்பேட். அதே பென்ட்ரைவில் தனி ஃபோல்டரில் வைத்தேன். ஸ்டோரேஜ் டிரைவரின் ஸிப்பை விரித்தே வைத்தேன், செட்டப்பால் ஸிப்புக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

அவளுடைய போனிலேயே, அவளுடைய பெயரில், அவளே ஒரு மைக்ரோசொப்ட் கணக்கைத் திறந்தாள். பாஸ்வர்டை நான் பார்க்காமல் திரும்பி நின்றேன்.

கரண்ட் பற்றி ஒரு வார்த்தை. காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களின் தண்ணீர் எங்கள் மலையில் இருந்து இறங்கித்தான் நாட்டுக்கு விளக்கேற்றுகிறது. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்றில் ஒரு சவுக்கு மரம் கம்பி மேல் சாய்ந்தால் எங்களுக்கு இரவு முழுக்க இருட்டுத்தான். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தில், பேட்டரி செத்த ஒரு மெஷின் இன்ஸ்டோலின் நடுவில் அணைந்து மூன்று தரம் முதலில் இருந்து தொடங்கியிருக்கிறேன். அதனால் பேட்டரியை நிறைத்து, சார்ஜரையும் குத்திவிட்டுத்தான் ஆரம்பித்தோம்.

டிஸ்க்கைக் காணவில்லை

பென்ட்ரைவில் இருந்து செட்டப் எழும்பியது. நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்பவிடும் ‘செக்கியூர் பூட்’ என்ற காவலை அணைக்கவில்லை, அணைக்கத் தேவையும் இல்லை. எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்கும் பக்கம் வராமலே செட்டப் அடுத்த பக்கத்துக்குப் போனது. ஃபர்ம்வெயரில் இருந்த சாவியைத் தானே வாசித்து ஹோம் சிங்கிள் லாங்குவேஜைத் தெரிந்துகொண்டது. “பாத்தியா, உன் சாவியை அது கண்டுபிடிச்சிருச்சு” என்றேன்.

அடுத்த பக்கத்தில் எங்கே போடுவது என்ற இடம் வெறுமையாக இருந்தது. டிஸ்க்கே இல்லை.

அவள் முகம் வெளுத்துவிட்டது. கடைக்காரர்களில் பலர் இந்த இடத்தில்தான் பயந்து பழைய கொப்பிக்குத் திரும்புகிறார்கள் என்று நினைக்கிறேன். இன்டெல் 11ஆம் தலைமுறையில் இருந்து பல லெப்டொப்களில் வி.எம்.டி. என்ற கட்டுப்படுத்தி, டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கும் வின்டோஸுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குரிய டிரைவர் செட்டப்பில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு வழி உண்டு. பயோஸுக்குள் போய் வி.எம்.டி.யை அணைக்கலாம், சில மொடல்களில் அந்தத் தெரிவை மறைத்தே வைத்திருக்கிறார்கள். அல்லது டிரைவரை ஏற்றலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். பயோஸில் அணைத்துவிட்டு வின்டோஸ் போட்டால், பிற்காலத்தில் யாராவது பயோஸைப் பழைய நிலைக்குத் திருப்பிய அன்று மெஷின் எழும்பாது போகலாம். ‘லோட் டிரைவர்’ அழுத்தி, விரித்து வைத்த ஃபோல்டரைக் காட்டினாள். இரண்டு செக்கன் சுற்றியது. டிஸ்க் வந்தது.

கடையில் சி, டி என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவாகத் தெரிந்து எல்லாவற்றையும் அழித்தாள். கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் மிஞ்சியது: ஒதுக்கப்படாத இடம், 476.9 ஜிபி.

“அண்ணே, 512ன்னு தானே சொன்னாங்க? இதுல 476 தான் காட்டுது. இதுலயும் ஏமாத்திட்டாங்களா?”

இல்லை, இதில் யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். வின்டோஸ் 1,024ஐ மூன்று தரம் பெருக்கி, 107 கோடியே 37 இலட்சம் பைட்டுக்கு மேல் வந்தால்தான் ஒரு ஜிபி என்கிறது. நெல் ஒன்று, அளக்கும் மரக்கால் வேறு. அதைச் சொன்னதும் அம்மா சிரித்தார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் வாழ்நாள் முழுக்க நின்றவருக்கு அளவை பற்றி நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. “இது களவு இல்ல, கணக்கு” என்று மகளுக்கு அவரே விளக்கினார்.

ஒதுக்கப்படாத அந்த ஒரே இடத்தைத் தெரிந்து நெக்ஸ்ட் அழுத்தினால் போதும், தேவையான சிறு பிரிவுகளை வின்டோஸ் தானே செய்துகொள்ளும். எஸ்எஸ்டியில் சி, டி என்று பிரிப்பதால் ஒரு நன்மையும் இல்லை என்பது என் கருத்து. டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கணக்கும் சாவியும்

மீண்டும் எழும்பியபோது நாடு இலங்கை, கீபோர்ட் யூஎஸ் என்று தெரிந்தாள். நேரவலயம் ஸ்ரீ ஜயவர்தனபுர என்று வந்தது. நெட்வேர்க் கேட்டது, வைஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. அவளுடைய அன்ட்ரொய்ட் போனை கேபிளால் இணைத்து, போனின் இணையத்தை லெப்டொப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டோம். அதற்கு வேறு டிரைவர் தேவைப்படவில்லை. தன் கணக்கைத் தானே அடித்தாள். டெஸ்க்டொப் வந்ததும் முதல் வேலையாக அந்த இணைப்பை ‘மீட்டர்ட்’ (அளந்து செலவழிக்க வேண்டியது) என்று குறித்தோம், இல்லையென்றால் அப்டேட்கள் அவளுடைய டேட்டாவை ஒரே இருப்பில் குடித்துவிடும். ஆக்டிவேஷன் பக்கத்தில் இப்போது நிறுவனம் எதுவும் இல்லை. டிஜிட்டல் லைசன்ஸ் என்று மட்டும் நின்றது.

கடையில் தந்த திருட்டு ஒபிஸுக்குப் பதிலாக இலவசமான லிப்ரே ஒபிஸ் போட்டோம். மற்ற டிரைவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வின்டோஸ் அப்டேட் மறுநாள் இரவு டேட்டாவில் எல்லாவற்றையும் கொண்டுவந்தது.

தமிழுக்கு ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்கினேன். பாடசாலையில் அவள் பழகியது பாமினி எழுத்துரு. பாமினியில் அடித்தது திரையில்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு மெஷினில் அது வெறும் குப்பையாகத் தெரியும், தேடினாலும் அகப்படாது. எந்த மெஷினிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோட்டில் அடிக்க, தமிழ் (இலங்கை) என்ற மொழியைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தெரிந்தோம். ‘அம்மா’ என்று அடிக்க நான்கே தட்டு: அ, ம, ம, ஆ. இரண்டு ‘ம’ அடுத்தடுத்து வந்தால் முதல் ‘ம’வுக்குப் புள்ளி தானாக விழும். அவள் அதை நாலைந்து தரம் அடித்துப் பார்த்தாள்.

பிறகு டிஸ்க்கின் மீட்புச் சாவி. டிவைஸ் என்கிரிப்ஷன் பக்கத்தைத் திறந்தோம், ஏற்கெனவே ஓனில் இருந்தது. அவளுடைய கணக்கின் பக்கத்தில் மீட்புச் சாவி இருந்தது: ஆறு ஆறு இலக்கமாக எட்டுக் கூட்டம், மொத்தம் 48 இலக்கம். போனில் படம் எடுத்து வைத்தால் போதும் என்றாள். போனும் லெப்டொப்பும் ஒரே பையில்தானே போகும் என்றேன். சீ.ஆர். கொப்பியில் இருந்து இரண்டு தாள் கிழித்து, நீல பேனையால் எழுதச் சொன்னேன்.

இந்தச் சாவியில் ஒரு அழகு இருக்கிறது. ஆறு இலக்கக் கூட்டம் ஒவ்வொன்றும் 11ஆல் மிச்சமின்றிப் பிரியும். ஆகவே எழுதியது சரியா என்று பார்க்க லெப்டொப்பே தேவையில்லை. உதாரணத்துக்கு 418253 என்ற கூட்டத்தை எடுங்கள். ஒன்று விட்டு ஒன்றாகக் கூட்டிக் கழித்தால் 4−1+8−2+5−3, விடை 11. பூச்சியமோ 11இன் மடங்கோ வந்தால் சரி. அதே கூட்டத்தில் 1ஐ 7 என்று எழுதிவிட்டால் விடை 5, பிழை வெளியே வந்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் அகப்படும். சாதாரண தரத்தில் படித்த வகுபடு விதிதான். எட்டுக் கூட்டத்தையும் அவளே கணக்குப் பார்த்தாள். ஐந்தாவதில் நின்றுவிட்டு, திரையைப் பார்த்து, ஒரு இலக்கத்தை வெட்டித் திருத்தினாள்.

ஒரு தாள் அவளுடைய பல்கலைக்கழக ஃபைலுக்கு. மற்றதை அம்மா வாங்கி நான்காக மடித்தார். “வீட்டுல பிஸ்கட் டின்னுல போட்டுறேன் தம்பி. பொறப்புச் சாட்சி, கார்டு எல்லாம் அதுலதான் இருக்கு.” அதற்கு மேல் பாதுகாப்பான இடத்தை என்னால் சொல்லியிருக்க முடியாது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மலையகச் சனத்தை ஒரு கடதாசி இல்லாத குறைக்காக நாடற்றவர்களாக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுக்கும் வரைக்கும் லயத்து வீடுகளில் ஒவ்வொரு துண்டுக் கடதாசியையும் டின்னில் போட்டுக் காத்தவர்கள் இவர்கள்தான்.

இரண்டு மாதம் கழித்து

வந்தாறுமூலை விடுதியில் இருந்து ஒரு இரவு அழைப்பு வந்தது. பயோஸ் அப்டேட் ஒன்று தானாக ஏறி, மறுபடி ஓனானபோது நீலத்திரை. டிஸ்க்கின் சாவியைக் காக்கும் டிபிஎம் என்ற சில்லு, தான் பூட்டும்போது பார்த்த ஃபர்ம்வெயரும் இப்போது பார்க்கும் ஃபர்ம்வெயரும் வேறு என்றால் சாவியைக் கொடுக்காது. வழமையாக வின்டோஸே பூட்டைத் தற்காலிகமாகத் தளர்த்திவிட்டுத்தான் இந்த அப்டேட்டைப் போடும், சில வேளை அது நடப்பதில்லை.

“கணக்குக்குள்ள போய்ப் பாத்தியா?” என்றேன். அங்கே சிக்னல் இல்லையென்று சிம்மை மாற்றியிருந்தாள், உறுதிப்படுத்தும் கோட் பழைய நம்பருக்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபைல் வேறு நண்பி ஒருத்தியின் அறையில் பூட்டிக் கிடந்தது, அவள் ஊருக்குப் போய்விட்டாள். காலையில் ஒன்பது மணிக்கு ஒப்படை கொடுக்க வேண்டும்.

“டின்” என்றேன்.

அம்மாவை எழுப்பி, மூவரும் ஒரே அழைப்பில் இருந்தோம். டின்னின் மூடி திறக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அம்மா ஒவ்வொரு இலக்கமாக, கொழுந்து நிறுவைப் புத்தகத்தில் எண்ணை வாசிப்பதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு கூட்டம் முடிய “ம்” என்பாள் மகள். ஐந்தாவது கூட்டத்தில் வெட்டித் திருத்திய இலக்கத்துக்கு வந்ததும் அம்மா தயங்கினார். “வெட்டி எழுதியிருக்கு பாப்பா, மேல உள்ளதா, கீழ உள்ளதா?”

“கீழ உள்ளதும்மா. நான் கணக்குப் பாத்துத்தான் வெட்டினேன்.”

எட்டாவது கூட்டம் முடிந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மட்டக்களப்பில் இருந்து வின்டோஸ் திறக்கும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டது. அம்மா டின்னை மூடினார்.

அந்தக் கிழமையே அவள் கணக்கின் நம்பரைப் புதிய சிம்முக்கு மாற்றினாள். என்னிடம் லெப்டொப் கொண்டுவரும் எல்லாருக்கும் இப்போது ஒரு சீ.ஆர். தாளும் ஒரு நீல பேனையும் மேசையில் முதலே எடுத்து வைக்கிறேன்.